ஐந்நூறு கட்டைகளை ஆற்றில் விட்ட தையற்காரர்

தாராபுரத்துச் சிறுவன் ஒருவனிடம் அமராவதி ஆறு எங்கே பிறந்து எங்கே போகிறது என்று கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவான். ஆனைமலைத் தொடரில் பிறக்கிறது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அணையில் தேங்குகிறது. தாராபுரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடி, கரூரைத் தாண்டி, திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றில் விடும் முளைப்பாரி எந்தத் திசையில் மிதந்து போகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் தெரியும்.

ஆனால் வடக்கே, இமயமலைக்கு அப்பால், ஒரு பெரிய ஆறு இருக்கிறது. அது எங்கே போய்ச் சேருகிறது என்பது சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பு வரை உறுதியாகத் தெரியாது. பெரிய பெரிய மேதைகள் அதைப் பற்றி வாதம் செய்தார்கள். தேசப்படத்தில் அந்த ஆறு ஓர் இடத்தில் திடீரென்று நின்றுவிடும். அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள்தான்.

அந்த வெற்றிடத்துக்குள் நடந்து போனவர் ஓர் ஏழைத் தையற்காரர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாலு ஆண்டுகள் அலைந்தார். அடிமையாக விற்கப்பட்டார். தப்பி ஓடினார். அப்படியும் தமக்கு இட்ட வேலையை முடித்துவிட்டுத்தான் வீடு திரும்பினார். வந்த பிறகு அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை!

அவர் பெயர் கிந்துப்.

காணாமல் போன ஆறு

கிந்துப்பின் கதையைச் சொல்லுமுன் அந்த ஆற்றின் கதையைச் சொல்ல வேண்டும்.

திபெத்தின் மேற்கே கைலாய மலையும் மானசரோவர் ஏரியும் இருக்கின்றன. அந்தப் பக்கத்துப் பனி உருகித்தான் சாங்போ ஆறு பிறக்கிறது. பிறந்ததும் அது தெற்கே வருவதில்லை. இமயமலை குறுக்கே சுவர் போல நிற்கிறது. ஆகவே மலைக்கு வடக்கே, மேற்கிலிருந்து கிழக்காக, சுமார் 1,600 கிலோ மீட்டர் தூரம் திபெத்திலேயே ஓடுகிறது.

பிறகு என்ன ஆகிறது? அதுதான் புதிர்.

இமயமலைக்குத் தெற்கே அசாமில் பிரம்மபுத்திரா ஓடுகிறது. கடல் போன்ற ஆறு. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சாங்போதான் மலையைச் சுற்றி வந்து பிரம்மபுத்திரா ஆகிறது என்றார்கள் சிலர். இல்லை, அது பர்மாவுக்குப் போய் ஐராவதி ஆகிறது என்றார்கள் வேறு சிலர்.

இதில் ஒரு கணக்கு உதைத்தது. திபெத்தில் சாங்போ ஓடும் இடம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 10,000 அடி உயரம். அசாம் சமவெளியோ சில நூறு அடி உயரம்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமும் அதிகம் இல்லை. இரண்டும் ஒரே ஆறு என்றால், அவ்வளவு தண்ணீரும் நடுவில் எங்கோ தலைகுப்புற விழ வேண்டும். உலகத்தில் இல்லாத பெரிய நீர்வீழ்ச்சி அங்கே இருக்கும் என்று பலர் கனவு கண்டார்கள்.

போய்ப் பார்த்துவிட்டால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். போக முடியாது. திபெத்துக்குள் வெள்ளைக்காரர் யாரும் நுழையக் கூடாது என்று தடை இருந்தது. தெற்குப் பக்கம் அடர்ந்த காடு. அங்கே வாழ்ந்த மலை மக்களும் வெளியார் வருவதை விரும்பவில்லை.

ஜபமாலையில் ஒரு தந்திரம்

இந்தியாவை அளந்து படம் போடும் பெரிய வேலை 1802-ம் ஆண்டு நம் சென்னையில், பரங்கிமலைப் பக்கத்தில்தான் தொடங்கியது. லாம்டன் என்ற துரை அதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்த அளவை நம் கோவைச் சீமைக்கும் வந்தது. பிறகு வடக்கே போய் இமயமலையின் உச்சிகளையும் அளந்தது. ஆனால் மலைக்கு அப்பால் போக முடியாமல் நின்றுவிட்டது.

அப்போது சர்வே இலாகாவில் இருந்த மாண்ட்கோமரி என்ற அதிகாரிக்கு ஒரு யோசனை உதித்தது. வெள்ளைக்காரர்தானே போகக் கூடாது? மலைநாட்டு இந்தியர்கள் வியாபாரிகளாகவும் யாத்திரிகர்களாகவும் திபெத்துக்குப் போய் வருகிறார்களே! அவர்களுக்கே அளக்கக் கற்றுக் கொடுத்து அனுப்பினால் என்ன?

அப்படியே செய்தார்கள். குமாவுன் மலைநாட்டைச் சேர்ந்த நைன்சிங் என்ற பள்ளி ஆசிரியரைத் தேர்ந்தெடுத்தார்கள். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாக அடி எடுத்து வைக்கப் பழக்கினார்கள். ஜபமாலையில் 108 மணிகள் இருக்கும் அல்லவா? நைன்சிங்கின் மாலையில் 100 மணிகள்தான். நூறு அடி நடந்ததும் ஒரு மணியைத் தள்ளுவார். பார்ப்பவர்கள் ஜபம் செய்கிறார் என்று நினைப்பார்கள். அவரோ தூரத்தை அளந்துகொண்டிருப்பார்! கையில் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரம் எழுதிய தாள் இருக்க வேண்டும். அவருடைய சக்கரத்துக்குள் இருந்தது அளவுக் குறிப்பு.

1866-ம் ஆண்டு நைன்சிங் லாசா நகரை அடைந்தார். சாங்போவின் கரையோடு வெகு தூரம் நடந்து அளந்து வந்தார். 1877-ல் லண்டன் பூகோளச் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 2004-ல் நம் நாட்டு அரசாங்கம் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

ஆனாலும் ஆற்றின் கிழக்குப் பகுதி தெரியவில்லை. அது வளைந்து மலைக்குள் புகும் இடம் புதிராகவே இருந்தது.

வேலைக்காரராகப் போனார்

கிந்துப் சிக்கிம் நாட்டுக்காரர். டார்ஜிலிங்கில் துணி தைத்துப் பிழைத்தார். கட்டுமஸ்தான உடம்பு. மலை ஏறுவதில் சூரர். 1878-ல் நேம்சிங் என்ற சர்வே ஆளோடு உதவியாளராகச் சாங்போக் கரையில் கியாலா என்ற இடம் வரை போய் வந்த அனுபவமும் உண்டு.

டார்ஜிலிங்கில் ஹார்மன் என்ற சர்வே அதிகாரி இருந்தார். சாங்போதான் பிரம்மபுத்திரா என்பதை மெய்ப்பிக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். மிக எளிய வழி. நம் ஊர்ப் பிள்ளைகள் வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்டு, மதகுக்கு அந்தப் பக்கம் ஓடிப் போய் அது வருகிறதா என்று பார்ப்பார்களே, அதே வழிதான்!

திபெத்தில், எவ்வளவு தூரம் கீழே போக முடியுமோ அவ்வளவு தூரம் போக வேண்டும். அங்கே 500 மரக்கட்டைகள் வெட்ட வேண்டும். ஒவ்வொன்றும் ஓர் அடி நீளம். ஒவ்வொரு கட்டையிலும் துளை போட்டு, அடையாளமாக ஒரு தகரக் குழாயைச் செருக வேண்டும். குறித்த நாள் முதல் தினம் 50 கட்டையாகப் பத்து நாள் ஆற்றில் விட வேண்டும். எந்த நாளில் விடப்போகிறோம் என்பதை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அசாமில் ஆட்கள் கரையில் காத்திருப்பார்கள். கட்டைகள் மிதந்து வந்தால் இரண்டும் ஒரே ஆறு!

இந்த வேலைக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சீனத்து லாமாவைத் தலைவனாக அமர்த்தினார் ஹார்மன். கிந்துப் அவனுக்கு வேலைக்காரர் வேடத்தில் துணை. 1880 ஆகஸ்டு மாதம் இருவரும் டார்ஜிலிங்கை விட்டுப் புறப்பட்டார்கள்.

விற்றுவிட்டுப் போனான்!

படித்தவன் என்று நம்பி அனுப்பிய லாமா பொல்லாதவனாக இருந்தான். வேடத்துக்கு வேலைக்காரராக வந்த கிந்துப்பை அவன் நிஜமான வேலைக்காரராகவே நடத்தினான். வழியில் ஒரு கிராமத்தில், தங்க இடம் கொடுத்தவனின் மனைவியோடு உறவு கொண்டு நாலு மாதம் அங்கேயே கிடந்தான். விஷயம் வெளிப்பட்டது. கிந்துப் தம்மிடம் இருந்த பணத்தில் 25 ரூபாய் தண்டம் கொடுத்து அவனை மீட்டுக்கொண்டு நடந்தார்.

1881-ல் இருவரும் சாங்போ மலைப் பிளவுக்குள் புகும் இடத்துக்கு வந்தார்கள். பெமகோசுங் என்ற சிறு மடம் வரை போனார்கள். அதற்கு மேல் வழியே இல்லை. இருபுறமும் செங்குத்தான பாறை. கீழே ஆறு நுரைத்துக் குமுறியது. வேறு வழியாகச் சுற்றிப் போகலாம் என்று திரும்பினார்கள்.

தோங்கியுக் என்ற ஊர். அங்கே ஒரு கோட்டை. அதற்கு ஓர் அதிகாரி. லாமா அந்த அதிகாரியோடு ஏதோ இரகசியம் பேசினான். ஒரு வேலையாகப் போய் இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவதாகக் கிந்துப்பிடம் சொல்லிவிட்டுக் குதிரை ஏறிப் போனான்.

மூன்று நாள் ஆயிற்று. வாரம் ஆயிற்று. மாதமும் ஆயிற்று. லாமா வரவில்லை. பிறகுதான் உண்மை தெரிந்தது. கிந்துப்பை அந்த அதிகாரிக்கு அடிமையாக விற்றுவிட்டு அவன் தன் நாட்டுக்குப் போய்விட்டான்!

வீட்டுக்கா, ஆற்றுக்கா?

கிந்துப் அடிமையாகப் பல மாதம் உழைத்தார். 1882 மார்ச்சு மாதம் ஒரு நாள் தப்பி ஓடினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். கிந்துப் இனி என்ன செய்திருக்கலாம்? நேராக டார்ஜிலிங் திரும்பி இருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். அவர் தலைவன் அல்ல, உதவியாள்தான். தலைவனே ஓடிவிட்டான். கருவிகளும் போயின. கையில் காசும் இல்லை.

கிந்துப் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆற்றின் பக்கம் திரும்பினார். சாங்போவின் கரையோடு கீழ்நோக்கி நடந்தார்.

கோட்டை அதிகாரியின் ஆட்கள் துரத்தி வந்தார்கள். மார்ப்புங் என்ற இடத்தில் ஒரு மடம் இருந்தது. கிந்துப் அந்த மடத்துத் தலைவரின் காலில் விழுந்தார். தாய் தகப்பன் இல்லாத யாத்திரிகன் நான், காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினார். (உண்மையில் அவருடைய தாய் சிக்கிமில் உயிரோடு இருந்தார்.) மடத்துத் தலைவர் இரக்கப்பட்டார். கோட்டை அதிகாரிக்கு 50 ரூபாய் கொடுத்துக் கிந்துப்பை வாங்கினார்.

ஆகக் கிந்துப் இப்போதும் அடிமைதான். எஜமானர்தான் மாறினார்.

குகையில் ஒளித்த கட்டைகள்

மடத்தில் நாலரை மாதம் வேலை செய்தபின், கிந்துப் மடத்துத் தலைவரிடம் போய், யாத்திரை போய்வர ஒரு மாதம் விடுமுறை வேண்டும் என்று கேட்டார். பக்தி உள்ளவன் என்று எண்ணி அவரும் அனுமதித்தார்.

கிந்துப் ஆற்றோரக் காட்டுக்குப் போனார். தன்னந்தனியாக 500 கட்டைகளை வெட்டினார். ஒவ்வொன்றையும் ஓர் அடி நீளத்துக்குச் சீர் செய்தார். யார் கண்ணிலும் படாமல் அவற்றை ஒரு குகையில் ஒளித்து வைத்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல மடத்துக்குத் திரும்பி வந்துவிட்டார்!

ஏன் உடனே ஆற்றில் விடவில்லை? விட்டால் என்ன பயன்? அசாமில் யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்களே. எந்த நாளில் விடுகிறோம் என்று முதலில் சொல்லி அனுப்ப வேண்டும். கடிதம் எழுத அவருக்குத் தெரியாது. எழுதிக் கொடுக்கவும், இந்தியாவுக்கு எடுத்துப் போகவும் நம்பகமான ஆள் வேண்டும். அப்படி ஆள் லாசாவில்தான் கிடைக்கும்.

இரண்டு மாதம் சென்றதும் மறுபடியும் யாத்திரை விடுமுறை கேட்டார். மறுபடியும் கிடைத்தது. மலைகளைக் கடந்து லாசாவுக்கு நடந்தார். அங்கே சிக்கிமைச் சேர்ந்த பெரிய மனிதர் ஒருவரைக் கண்டார். அவரைக் கொண்டு, டார்ஜிலிங்கில் இருந்த நேம்சிங்குக்கு ஒரு கடிதம் எழுதுவித்தார். லாமா தம்மை விற்றுவிட்ட செய்தியைச் சொன்னார். கட்டைகள் தயாராக இருக்கின்றன என்றார். திபெத்திய ஆண்டின் பத்தாம் மாதம் ஐந்தாம் நாள் முதல் தினம் 50 கட்டை விடப்போவதைத் துரைக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதத்தை ஒப்படைத்துவிட்டு, அதே வழியாக நடந்து, தம் எஜமானரிடம் திரும்பி வந்தார்.

லாசாவிலிருந்து டார்ஜிலிங்குக்கு வழி இருந்தது. அப்போதும் அவர் ஓடவில்லை. கட்டைகள் குகையில் கிடக்கின்றன. நாளும் குறித்தாகிவிட்டது. சொன்ன சொல் இருக்கிறது.

மடத்தில் மேலும் ஒன்பது மாதம் உழைத்தார். இவருடைய பக்தியைக் கண்டு மகிழ்ந்த மடத்துத் தலைவர் கடைசியில் இவரை விடுதலை செய்தார்.

1883-ம் ஆண்டின் கடைசியில், குறித்த நாள் வந்தது. கிந்துப் ஆற்றங்கரையில் நின்றார். முதல் நாள் 50 கட்டைகளை விட்டார். மறுநாள் 50. இப்படிப் பத்து நாளில் 500 கட்டைகளும் வெள்ளத்தோடு போயின.

கரையில் யாரும் இல்லை

பிறகு கிந்துப் ஆற்றோடு இறங்கி அசாமுக்கே போய்விட முயன்றார். இந்திய எல்லைக்கு இன்னும் சுமார் 35 மைல்தான். அங்கே மலை மக்களுக்கு அஞ்சி அதற்கு மேல் போக முடியவில்லை. திரும்பி, திபெத்தைச் சுற்றிக்கொண்டு, 1884 நவம்பரில் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். புறப்பட்டு நாலு ஆண்டுகளும் மூன்று மாதமும் ஆகியிருந்தன.

அங்கே அவருக்குக் காத்திருந்தவை துயரச் செய்திகள். மகன் இறந்துவிட்டான் என்று எண்ணி, அவருடைய தாய் கண்ணை மூடிவிட்டார். லாசாவிலிருந்து அனுப்பிய கடிதம் உரியவர் கைக்கு வரவே இல்லை. ஹார்மன் உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டே போய்விட்டார். கிந்துப் திரும்பும் முன்பே காலமும் ஆகிவிட்டார்.

கிந்துப் கட்டைகளை விட்ட அந்தப் பத்து நாளும் அசாமில் யாரும் கரையில் காத்திருக்கவில்லை. ஐந்நூறு கட்டைகளும் கேட்பாரற்று மிதந்து, வங்கக் கடல் பக்கம் போயின!

நம்பாத உலகம்

கிந்துப்புக்கு எழுதத் தெரியாது அல்லவா? இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். அதை வேறொருவர் இங்கிலீஷில் பெயர்த்தார். அதில், பெமகோசுங் மடத்துக்கு அருகே சாங்போ 150 அடி உயரத்திலிருந்து விழுகிறது என்று இருந்தது.

சிலர் அந்த நீர்வீழ்ச்சியைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் முழுவதையும் சந்தேகித்தார்கள். படிக்காத ஆள், கையில் கருவி இல்லை, குறிப்பும் இல்லை. நாலு ஆண்டு அலைந்ததை எல்லாம் எப்படி நினைவு வைத்திருக்க முடியும் என்றார்கள். கிந்துப்புக்கு விருதும் இல்லை; பதக்கமும் இல்லை. அவர் பழையபடி ஊசியும் நூலும் எடுத்தார்.

சுமார் முப்பது ஆண்டுகள் ஓடின.

1913-ம் ஆண்டு பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு ஆங்கில அதிகாரிகள் அசாம் பக்கத்திலிருந்து மலை ஏறி, சாங்போப் பிளவுக்குப் போனார்கள். ஆற்றின் போக்கை அளந்தார்கள். சாங்போதான் பிரம்மபுத்திரா என்பது சந்தேகம் இல்லாமல் நிலைநாட்டப்பட்டது. கிந்துப்பின் வாக்குமூலத்தையும் அவர்கள் ஊர் ஊராக ஒத்துப் பார்த்தார்கள். வியந்து போனார்கள். ஊர்ப் பெயர்களும் வழிகளும் பெரும்பாலும் அவர் சொன்னபடியே இருந்தன!

நீர்வீழ்ச்சி மட்டும் ஒத்து வரவில்லை. பெமகோசுங்கில் ஆறு சுமார் 30 அடிதான் விழுந்தது. பெய்லி திரும்பி வந்ததும் கிந்துப்பைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டார். அப்போதுதான் தவறு விளங்கியது. உயரமான அருவி, கியாலாவில் ஆற்றில் வந்து விழும் ஒரு சிற்றோடை. கிந்துப் இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்லி இருந்தார். எழுதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். தம் பெயரில் என்ன எழுதி இருக்கிறது என்பதைப் படித்துப் பார்க்கக் கிந்துப்புக்குத் தெரியாது. ஆகவே அந்தத் தவறு முப்பது ஆண்டுகள் அவர் தலையிலேயே கிடந்தது.

பெய்லி அவருக்கு ஓய்வூதியம் கேட்டு அரசாங்கத்தோடு போராடினார். மாதா மாதம் கொடுக்க அரசாங்கம் சம்மதிக்கவில்லை. ஒரே தொகையாக ஆயிரம் ரூபாய் கொடுத்தது. அதன்பின் கிந்துப் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை.

இன்றைய ஆறு

சாங்போவின் கதை இன்று தெளிவாகத் தெரியும். கிழக்கே போகும் ஆறு, 25,500 அடிக்கு மேல் உயர்ந்த நாம்சா பர்வா மலையைக் கொக்கி போல வளைத்துக்கொண்டு தெற்கே திரும்புகிறது. அங்கே அது ஓடும் பிளவு உலகத்தின் மிக ஆழமான மலைப் பிளவுகளில் ஒன்று. மேதைகள் தேடிய பிரமாண்டமான நீர்வீழ்ச்சி அங்கே இல்லை. ஆறு அந்த உயரத்தை ஒரே குதியாகக் குதிக்காமல், பாய்ச்சலும் சரிவுமாக இறங்கிவிடுகிறது. அருணாசலப் பிரதேசத்தில் அதற்குச் சியாங் என்று பெயர். பாசிகாட்டில் சமவெளியைத் தொடுகிறது. அசாமில் திபாங், லோகித் ஆறுகளோடு சேர்ந்து பிரம்மபுத்திரா ஆகிறது. வங்காள தேசத்தில் கங்கையோடு கூடிக் கடலில் கலக்கிறது. மொத்த நீளம் சுமார் 2,900 கிலோ மீட்டர்.

2025 ஜூலையில் சீன அரசாங்கம் அந்த வளைவுப் பக்கத்தில் மிகப் பெரிய நீர்மின் திட்டத்தைத் தொடங்கியது. மேலே அணை கட்டினால் கீழே என்ன ஆகுமோ என்று அருணாசல மக்களும் அசாம் மக்களும் கவலைப்படுகிறார்கள். மேலே உள்ள தண்ணீரும் கீழே உள்ள தண்ணீரும் ஒன்றே என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

அதைக் காட்டத்தான் கிந்துப் ஐந்நூறு கட்டைகளை வெட்டினார். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவர் நடந்த வழி தேசப்படத்தில் நிலைத்துவிட்டது.

எழுத்து அறிந்த லாமா, ஒப்புக்கொண்ட வேலையை விற்றுவிட்டுப் போனான். எழுத்து அறியாத தையற்காரர், யாரும் பார்க்காதபோதும் அதைச் செய்து முடித்தார். அவருக்கு நாலு எழுத்து தெரிந்திருந்தால், தம் கடிதத்தைத் தாமே எழுதி இருப்பார். தம் அறிக்கையில் இருந்த பிழையைத் தாமே திருத்தி இருப்பார். முப்பது ஆண்டுகள் பொய்யர் என்ற பெயரைச் சுமந்திருக்க மாட்டார்.

அடுத்த ஆடிப் பெருக்கில் அமராவதிக் கரையில் நிற்கும்போது, உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.